லேலத்தில் போன முதல் பயணம்

தாசையன் கடலுக்குப் போவதென்று தீர்மானித்துவிட்டார். ஆயுசு முழுக்கத் தண்ணீர் வாரியத்தில் குழாய்த் தண்ணீரோடு மட்டும் பழகிய மனுஷன். பொன்முடி பஸ் மலையேறத் தொடங்கியதுமே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவர். நீச்சல் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், பாவம்.

ஹாலந்தில் ஒருத்தர் தன் மோட்டார் குரூசரை விற்கிறார் என்று செல்போனில் பார்த்த நாளிலிருந்து நேமத்து வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளை வெளேரென்று படகு. உள்ளே படுக்கையறை, அடுப்படி, கக்கூஸ் எல்லாம் உண்டு. கப்பலில் ஏற்றி விழிஞ்ஞம் துறைமுகத்தில் இறக்கித் தந்துவிடுவாராம். மாசக் கடைசிக்குள் அட்வான்ஸ் போனால் போதும். ரிட்டயர் ஆனபோது வந்த பணம் பாங்கில் சும்மா கிடக்கிறது. சுவரில் வரைபடமும் ஒட்டியாயிற்று. முதலில் கன்னியாகுமரி. அடுத்தது லட்சத்தீவு. அப்புறம் மாலத்தீவு. அதற்குமேல் போயிருப்பார், சுவர் முடிந்து ஜன்னல் வந்துவிட்டது.

மனைவி எலிசாளிடம் எப்படிச் சொல்வது? அவள் என்ன கேட்டால் என்ன பதில் என்று எல்லாம் தயார் செய்துகொண்டுதான் அடுப்படிக்குள் நுழைந்தார்.

"எலிசா, நான் ஒரு போட் வாங்கப் போறேன்."

"வாங்குங்க."

"கடல்ல ஓடுத போட்."

"பின்னே, மரத்துலயா ஓடும்? வாங்குங்க."

"வெளிநாட்டுலேருந்து வருது."

"வரட்டு. சாயா ஆறுது, குடியுங்க."

தாசையனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பதிலையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"நெசமாவா சொல்லுத?"

"நெசமாத்தான். ஆனா ஒரு காரியம். நம்ம வீட்டுல எதுலயும் முதப்பலன் சபைக்குத்தானே? கோழி இட்ட முத முட்டையக் குடுத்தோம். தெங்கு காய்ச்சப்போ முதக் குலையக் குடுத்தோம்."

"போட் என்ன, முட்டையா இடும்?"

"முதப் பயணத்தக் குடுப்போம். ஞாயிறாழ்ச்ச அறுப்புப் பண்டிகையாக்கும். லேலத்துல விடட்டு. சபை மொத்தமும் அறியட்டு, உங்களுக்குப் போட் வருதுண்ணு."

சபை மொத்தமும் அறியும் என்ற இடத்தில் மனுஷன் விழுந்தார். அன்றைக்கே சர்ச்சுக்குப் போய்ப் போதகர் ஐயரிடம் சொல்லியும்விட்டார்.

சபைக்குக் காணிக்கையாக வந்ததையெல்லாம் ஏலம் விடுகிற அந்த அறுப்புப் பண்டிகை லேலத்தில் யாரும் பொருளுக்காகக் கேட்பதில்லை, கௌரவத்துக்காகக் கேட்பார்கள். அதிலும் தாசையனுக்கும் எலிசாளின் தம்பி ஞானதாசுக்கும் வருஷா வருஷம் குஸ்தி. பாலராமபுரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற ஞானதாஸ் எதைக் கேட்டாலும் அதை அவனுக்கு விடக்கூடாது என்பது தாசையனின் கொள்கை. போன வருஷம் ஒரு பூசணிக்காய்க்காக இவர் கொடுத்த விலைக்கு ஒரு பூசணித் தோட்டமே வாங்கியிருக்கலாம்.

ஆராதனை முடிந்து முற்றத்தில் லேலம் ஆரம்பித்தது. சேனை, மரச்சீனிக் கிழங்கு, சேவல் எல்லாம் போயிற்று. "அடுத்தது, தாசையன் சாருக்க படகின் முதல் பயணம்!" என்றார் ஐயர்.

"நான் கேக்கேன்!" என்று எழுந்தான் ஞானதாஸ். "அத்தானுக்க போட்ல கேப்டன் சீட்டுல நான் இருப்பேன். அத்தான் பொறகால நிண்ணு கயிறு பிடிக்கட்டு!"

கூட்டம் சிரித்தது. தாசையனுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. என் படகில் இந்தத் தொப்பை முன்னால் உட்காருவதா? கையைத் தூக்கினார். அவன் ஏற்றினான். இவரும் ஏற்றினார். ஆட்டு விலை தாண்டியது. மாட்டு விலை தாண்டியது. ஸ்கூட்டர் விலை வந்தபோது பெண்கள் பக்கத்தில் பேச்சு நின்றது. கார் விலையும் போனது. எலிசாள் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கீழே பார்த்தபடி இருந்தாள். கடைசியில் ஞானதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

கைதட்டல். மணியடித்தார்கள். தாசையன் கழுத்தில் மாலை விழுந்தது. சபைக்குப் புதுக் கூரை போட்டுவிடலாம் என்று ஐயர் தழுதழுத்தார். அப்போதுதான் தாசையனுக்கு உறைத்தது. அவர் சொன்ன தொகை படகுப் பணம் மொத்தமும். சபை நடுவில் சொன்ன வாக்கை இனிமேல் விழுங்கவா முடியும்?

மாசக் கடைசி வந்தது, போனது. ஹாலந்துக்காரர் படகை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார். தாசையன் வரைபடத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரை மணி நேர தூரத்தில் கடலை வைத்துக்கொண்டு ஒரு தடவைகூட அதன்மேல் போகாமலே வயசாகிவிட்டதே என்று மனசு கிடந்து வெந்தது. எலிசாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போட் இல்லாம முதப் பயணத்த வாங்கிட்டேனே எலிசா. அந்த ஞானதாசுக்குக் கடலக் கண்டாலே பயம். அவன் என்னத்துக்கு அப்படி ஏத்தினான்?"

"நான்தான் ஏத்தச் சொன்னேன்."

"நீயா!"

"பின்னே? நீச்சல் தெரியாத மனுஷன நடுக்கடலுக்கு அனுப்பிட்டு நான் இங்க வாசலையே பாத்துட்டு இருக்கவா? வேண்டாம்ணு சொன்னா நீங்க கேப்பியளா? எனக்குப் போட் வேண்டாம், நீங்கதான் வேணும்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கோபம் வரவில்லை அவருக்கு. வந்திருந்தால் தேவலை.

"செரி. ஆனா நான் பாதியில நிறுத்தியிருந்தா அந்தப் பணம் அவன் தலையிலல்லவா விழுந்திருக்கும்? அவனுக்கு எங்கேருந்து அந்தத் தைரியம் வந்து?"

"அவனும் பயந்துட்டுதான் கேட்டான். நான் சொன்னேன், 'அத்தான் நிறுத்துத ஆளில்லடே, நீ தைரியமா ஏத்து.'"