ஐந்து மூலக்கூறு தண்ணீர்

"லேசர் அடிச்சுத் தண்ணி பாக்குற பொண்ணு நீதானா, தாயி?"

பெட்டியை மூடப்போன சத்யபிரியா நிமிர்ந்தாள். வாசலில் ஒரு வயதான அம்மாள், பின்னால் இரண்டு பேர். பெங்களூரு ரயிலுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

"யாரு சொன்னா?"

"ஒங்கப்பாதான். நான் சாணார்பட்டி மூக்காயி."

சாணார்பட்டி பேருந்தில் முப்பது வருடம் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்ற பெரியகருப்பன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "தண்ணி ஆராய்ச்சின்னுதாம்மா சொன்னேன். பொய்யா?" மனைவி இறந்தபிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

"ஆத்தா, நான் பாக்குறது போர்த் தண்ணியில்ல. ஒரு சொட்டுல மூலக்கூறு கோடி கோடியா இருக்கும். நான் பாக்குறது அதுல வெறும் அஞ்சாறு."

"அஞ்சாறு போதும் தாயி. மல்லிச்செடி காயுது."

மூக்காயி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சத்யபிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. செத்த நேரம் புரியவைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தாள். ரயில் போய்விட்டது.

மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். வாயால் சொன்னால் ஆகாது என்று, ஐந்து பேரை முற்றத்தில் வட்டமாகக் கைகோத்து நிற்கவைத்தாள்.

"தண்ணி இப்பிடித்தான் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிரும். ஹைட்ரஜன் பிணைப்புன்னு பேரு. லேசர் ஒளி பட்டா அதிரும். அந்த அதிர்வ வச்சு, பிடி எம்புட்டு இறுக்கம்னு கண்டுபிடிப்போம்."

சொன்னதோடு நில்லாமல் டார்ச்சை அடித்தாள். மூக்காயி உடனே தலையைச் சிலுப்பி அதிர ஆரம்பித்தாள்.

"ஏலே, சாமி வந்துருச்சு!" என்றது எதிர்வீடு.

மூன்றாம் நாள் முப்பது பேர். கையில் எலுமிச்சை, தேங்காய். ஒருவர் சேவலோடு வந்திருந்தார். அன்றைய டிக்கெட்டும் வீணானது.

"மத்தியானத்துக்கு என்னம்மா வெஞ்சனம் வைக்கட்டும்?" என்றார் பெரியகருப்பன், சாவகாசமாக.

நான்காம் நாள் காலையில் சத்யபிரியா மூக்காயியை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல் உடைந்தது.

"ஆத்தா, சத்தியமா எனக்கு நீரோட்டம் பாக்கத் தெரியாது. ஒங்க செடியெல்லாம் வாடுறத நெனச்சா சோறு எறங்கல. இம்புட்டுப் படிச்சும் ஒங்களுக்கு ஒரு கொடம் தண்ணி காட்ட முடியல. என்னய மன்னிச்சிருங்க."

மூக்காயி பதறிப்போய் அவள் கன்னத்தைத் துடைத்தாள்.

"அட கிறுக்கு, அழுகாத! எங்கூர்ல எல்லாக் கெணறும் தளும்பிக் கெடக்கு. மக நாலு நாளு கூட இருக்கட்டும், சும்மா வந்து தண்ணி கேளுங்கன்னு கண்டக்டர் அய்யாதான் எங்கள வரச் சொன்னாரு!"