நாற்பதாம் எண்ணும் ஒரு ஜோடி பூட்ஸும்

கொஸ்த்ரமா,
11 டிசம்பர் 1984

அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய அக்கா செராபிமாவுக்கு, தம்பி வெனெடிக்ட் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கிளாபிராவும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கிளாபிராவுக்குக் குளிர்கால பூட்ஸ் வாங்கிவிட்டேன்! தபால் பையைத் தூக்கிக்கொண்டு பனியில் ஊர் முழுக்க நடக்கிறவள். பழைய பூட்ஸ் வாயைப் பிளந்துவிட்டது. ஈரக் காலோடு அவள் வந்து உட்காருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். வரிசைப் பட்டியல் வைத்திருந்த ஸினயீதா என்ற அம்மாள் என் உள்ளங்கையில் மைப் பென்சிலால் 40 என்று எழுதினாள். மணிக்கொரு தரம் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், குரல் கொடுக்காதவன் எண்ணைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அதுவரை சரிதான். ஆனால் முப்பது வருஷம் ருஷ்ய இலக்கணம் நடத்திய வாய் சும்மா இருக்குமா? பின்னால் நின்ற பெண்ணிடம் ஆரம்பித்தேன். ருஷ்ய மொழியில் இருபது, முப்பது, ஐம்பது எல்லாவற்றிலும் பத்து ஒளிந்திருக்கிறது, நம் நாற்பதான ‘சொரோக்’ மட்டும் தனிப்பிறவி, ஒரு கோட்டுக்கு வேண்டிய நாற்பது தோல்களைப் போட்டுவைத்த பையின் பெயரே எண்ணாகிவிட்டது என்பது ஒரு கட்சி, அதில் பிறந்த ‘சொரகவோய்’, அதாவது நாற்பதாவது, பெயரடை மாதிரி ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி, வேற்றுமைக்கு வேற்றுமை ஒரு வேஷம் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஐந்தாம் வேற்றுமைக்கு வந்தபோது ஸினயீதா என் எண்ணை அடித்துவிட்டாள்.

“மூணு தரம் கூப்பிட்டாச்சு. கடைசில போய் நில்லுங்க பெரியவரே!”

“இங்கதாம்மா இருக்கேன்!”

“இருந்தா ஏன் வாயத் தொறக்கல?”

“அவரு எங்க மூடினாரு?” என்றாள் பின்னால் நின்ற நாற்பத்தொன்று. “காலைலேர்ந்து தோலு, பை, விகுதின்னு என் காது புண்ணாயிருச்சு. இவருதான் நாப்பது. நான் சாட்சி.”

வரிசையே சிரித்தது. என் எண் திரும்பக் கிடைத்தது. அவள் பேசாமல் இருந்திருந்தால் என் இடம் அவளுக்குத்தான் வந்திருக்கும். நாற்பது ஜோடியோடு சரக்கு தீர்ந்துபோனது. நன்றி சொல்லத் திரும்பினேன், வெறுங்கையோடு போய்விட்டிருந்தாள். பெயர்கூடத் தெரியாத அந்த மகராசியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன், அக்கா. இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்வார்கள்?

அத்தானுக்கு என் வணக்கம். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறாவது பிறந்தநாள் காண வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியில் நனைந்திருக்கும் தம்பி,
வெனெடிக்ட்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கிளாபிரா இதை வாங்கிப் படித்துவிட்டாள். “அவ எப்படி இருந்தா?” என்றாள். கன்னத்தில் மச்சம், பூட்ஸ் பிரிந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள் என்றேன். “பட்டறைத் தெரு லுகேரியா. மூணு பிள்ளைக்காரி. ஏங்க, அவ காலப் பாத்துட்டுமா வாங்கிட்டு வந்தீங்க?” புது பூட்ஸ் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாய் பிளந்த பழசையே மாட்டிக்கொண்டு லுகேரியா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இப்படி ஒருத்தி வாய்த்தாளே என்று அழுகையாகவும் வந்தது. வாசலில் நின்று திரும்பினாள். “நாளைக்கும் சரக்கு வருதாம், போய் நில்லுங்க. கூப்பிட்டா ‘இருக்கேன்’னு மட்டும் சொல்லுங்க.”