மூன்று சொட்டு சுக்கா

ஜொகூர் மாநிலத்திலேயே கல்லைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் சுக்கா அண்ணன்தான். மனிதர்கள் என்ன சொன்னாலும் நம்பிவிடுவார். தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவன் சொன்னதை நம்பினார், முடி வளரும் எண்ணெய் விற்க வந்தவன் சொன்னதையும் நம்பினார். ஆனால் கல், ஓடு, செங்கல் என்று வந்துவிட்டால் மூன்று சொட்டு விட்டுப் பார்க்காமல் நம்பவே மாட்டார்.

சுக்கா என்றால் இங்கே சமையலுக்கு ஊற்றும் வினிகர். கண் மருந்து வரும் குட்டி பாட்டிலில் அதை நிரப்பிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். தெப்ராவில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டில் அடுத்த கதவு அவருடையது. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்கள் தாமான் குடியிருப்பில் அதைக் கேட்டவர் யாருமில்லை.

ஓய்வு பெற்ற கையோடு, கார் நிறுத்தும் இடத்தில் ஒரு நீலத் தொட்டியை வைத்துத் திலாப்பியா மீன் விட்டார். அதற்கு மேலே இன்னொரு தொட்டி. அதில் மண் கிடையாது, கல்தான். மீன் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். அது கல்லுக்குள் ஓடும்போது மீனின் கழிவு செடிக்கு உரமாகிவிடும், தெளிந்த தண்ணீர் மறுபடி கீழே இறங்கும். இதற்கு அக்குவாபோனிக்ஸ் என்று பெயர். வேர் பிடிப்பதற்கென்றே சுட்ட களிமண் உருண்டைகள் கடையில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன. வாங்கிப் போடுங்களேன் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"கல்ல கடையில வாங்கச் சொல்றியா தங்கச்சி? நாடு பூரா கல்லுதான் கெடக்கு லா. மனுசன் தூக்கிப் போடுறதுலயே தோட்டம் போடலாம், நீ பாரு."

பார்த்தேன். என் மூக்குதான் முதலில் பார்த்தது. மெர்சிங் கடற்கரைக்குப் போய்ச் சிப்பி ஓடுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினார். நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டோம். சிப்பி கரைந்து தண்ணீரில் சுண்ணாம்பு ஏறி, கீரை முழுக்க மஞ்சள் காமாலை வந்ததுபோல் வெளுத்துவிட்டது. யாரோ கைப்பேசியில் அனுப்பிய காணொளியைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது. சுக்கா விட்டதும் கல் நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஆகாது. நுரைக்காவிட்டால் தொட்டியில் போடலாம்.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கோப்பிக் கடையில் பழைய பளிங்கு மேசை. பேசிக்கொண்டே மூன்று சொட்டு விட்டார். பளிங்கு நுரைத்து, பளபளப்பு போய், காசு அகலத்துக்கு ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது. கடை முதலாளி தவுக்கே துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இவர் ஓடவில்லை. நின்று நிதானமாக, "தவுக்கே, உங்க மேச மீனுக்கு ஆகாது," என்று தகவல் சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தும் சர்ச்சில் முழங்காலிலேயே இருந்தார். அவர் மனைவி ரோசி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனுஷன் இவ்வளவு நேரம் செபம் செய்து பார்த்ததில்லையாம். பக்கத்தில் போனதும் சுக்கா வாடை அடித்ததாம். புதிதாகப் போட்ட தரைக் கல்லைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"சாமி எடத்துலயாவது சும்மா இருக்கப்படாதா?" என்று அக்கா கேட்டதற்கு, "நல்ல கல்லு ரோசி, நுரையே வரல," என்று பதில் சொன்னார். அந்தக் கதையை அக்கா என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை.

சுக்கா சோதனையில் பாஸானதெல்லாம் தொட்டியிலும் பாஸாகிவிடும் என்று நினைத்ததுதான் அண்ணன் செய்த பிழை. தைப்பூசம் முடிந்ததும் முருகன் கோயில் வாசலில் உடைத்த தேங்காய்ச் சிரட்டைகளை வண்டி நிறைய அள்ளி வந்தார். கோயில் தலைவர் கும்பிட்டு அனுப்பிவைத்தார். அள்ள ஆள் கிடைத்ததே அவருக்குப் பெரிது. சிரட்டையில் ஒட்டியிருந்த தேங்காய் அழுகி, தண்ணீர் கோப்பி நிறமாகி, மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அடுத்து பிளாஸ்டிக் பாட்டில் மூடிகள். தாமான் பிள்ளைகள் எல்லாரும் சேர்த்துக் கொடுத்தார்கள். தண்ணீர் ஏறியதும் மூடிகள் மொத்தமாக மிதக்க ஆரம்பித்து, அவற்றோடு கங்கோங் கீரையும் விளிம்பைத் தாண்டி என் வீட்டுப் பக்கம் இறங்கிவிட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கங்கோங் பொரியல். அதற்காக நான் திட்டாமல் விட்டுவிடவில்லை, சாப்பிட்டுவிட்டுத் திட்டினேன்.

கடைசியில் சுட்ட மண்தான் சரி என்று முடிவுக்கு வந்தார். பழைய மண் ஓடு, உடைந்த பூச்சட்டி. சரியான முடிவுதான். ஆனால் அதற்குள் ஆகாத பண்டமெல்லாம் சாக்கு சாக்காக வாசலை அடைத்திருந்தது. எதையும் வீச மனம் வராது. கார் ரோட்டில் நின்றது. சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்குவது ரோசி அக்காவுக்கு உயிர். அந்த நாற்காலி சாக்குகளுக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது.

சிங்கப்பூரில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. அக்கா பெட்டியைக் கட்டினார். போகும்போது சத்தம் போடவில்லை.

"என் நாற்காலி போட எடம் இருந்தா கூப்புடுங்க. வாரேன்."

குழந்தை வளர்ந்து நர்சரிக்கும் போயாயிற்று. அக்கா திரும்பவில்லை. அண்ணன் கவலையே இல்லாதவர்போல் மேகி மீ அவித்துத் தின்றார். நான் குழம்பு கொடுத்தால், "ரோசி கைப்பக்குவம் வரல," என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் தருவார். மனிதர் இளைத்துப் போனார். எனக்கே பொறுக்கவில்லை.

"அண்ணே, அந்தக் குப்பைய லாரியில ஏத்தி விடுங்க. அக்கா வந்துருவாங்க."

"ஏத்திட்டா, இத்தன வருசமா நான் செஞ்சது கிறுக்குத்தனம்னு ஆயிடும்ல தங்கச்சி. ஒரே ஒரு தொட்டி ஒழுங்கா வரட்டும். அவளுக்குப் புதினா துவையல்னா ரொம்பப் புடிக்கும். புதினா வந்துட்டா மிச்சத்த ஏத்திடுறேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கையில் காட்ட ஏதாவது ஒன்று இல்லாமல் அக்காவைக் கூப்பிட அவருக்குக் கூச்சம். அதற்குப் பிறகு அவர் சுத்தியலால் ஓடு உடைக்கும் சத்தத்தை நான் கண்டுகொள்ளவில்லை.

உடைத்த ஓடு பாதித் தொட்டிதான் வந்தது. ஊரெல்லாம் இப்போது சிமெண்டு ஓடு. மூன்று சொட்டு விட்டால் நுரை நுரையாகப் பொங்குகிறது. மதில் வழியாக என் மீன் குழம்புச் சட்டியைப் பார்த்து, "விளிம்பு கொஞ்சம் ஒடஞ்சிருக்கு போல?" என்பார். நான் சட்டியை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பாலோ ஊரில் இருக்கும் மாமியார் கொடுத்த சட்டி அது. இருந்த பாதித் தொட்டியில் புதினாவை நட்டார். அது பிடித்துக்கொண்டது. ஒரு கைப்பிடிதான், ஆனால் பச்சையாக இருந்தது. மறுநாளே லாரி வந்தது, சாக்குகள் போயின. நாற்காலியைத் தேடியெடுத்துக் கழுவி வைத்துவிட்டு போன் செய்தார். என்ன பேசினார் என்று தெரியாது. "எடம் இருக்கு" என்று மட்டும் காதில் விழுந்தது.

சனிக்கிழமை மகளின் கார் வந்து நின்றது. ரோசி அக்கா இறங்கினார், பின்னாலேயே ஒரு கனத்த பையை இழுத்தார்.

"கையி அத்துப்போச்சு. கஸ்டம்ஸ்ல மலாய்க்காரப் பையன் தொறந்து பாத்துட்டு, மக்சிக்னு என்னையக் கூப்புட்டு, என்னா இதுன்னு கேக்குறான். புருசனுக்குப் பலகாரம்னேன். சிரிச்சிட்டு விட்டுட்டான்."

பை நிறைய உடைந்த மண் பூச்சட்டிகள். மகளின் அடுக்குமாடியில் மற்றவர்கள் வீசியவை. மண் ஒட்டாமல் கழுவித் துடைத்து வைத்திருந்தார்.

"எல்லாத்துலயும் சுக்கா ஊத்திப் பாத்துட்டேன். ஒண்ணும் நுரைக்கல," என்றார் அக்கா, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அண்ணனின் கை வழக்கம்போல் சட்டைப் பைக்குப் போனது. பாட்டிலைத் தொட்டது. எடுக்காமலேயே திரும்பி வந்தது. சர்ச் தரையைக்கூட நம்பாத மனிதர், அந்த ஓட்டுத் துண்டுகளை அப்படியே இரண்டு கையாலும் அள்ளித் தொட்டியில் போட்டார். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொட்டி நிறைய இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. நான் உள்ளே போய் அந்த மீன் குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து மதில் வழியாக நீட்டினேன்.

"இந்தாங்கண்ணே. விளிம்பு ஒடஞ்சதுதான்."

அண்ணன் வாங்கினார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, என் மாமியார் கொடுத்த சட்டியில் நிதானமாக மூன்று சொட்டு விட்டார்.

சுர்ரென்று எனக்குக் கோபம் வந்தது. நுரைக்கும் சத்தம் வருகிறதா என்று அவர் குனிந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்ல சட்டி, தங்கச்சி," என்றார் பாருங்கள், அந்தச் சந்தோஷத்துக்கு இன்னும் பத்துச் சட்டி இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.