கல்லு டாக்டரும் என் கையெழுத்தும்

மாமல்லபுரத்துக்கு வந்து, உளி படாத கல்லாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டுப் போன மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டில்தான் தங்கினார். ஊரே ரதத்தையும் யானையையும் பார்த்துக்கொண்டிருக்கும். இவர் அதற்கெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு மொட்டைப் பாறை ஒன்றில் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்திருப்பார். நாடி பிடிப்பது மாதிரி விரலால் தட்டியும் பார்ப்பார். அதனால் கல்லு டாக்டர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

அவருக்கு ஊரப்பாக்கத்தில் வீடு, ஏதோ ஆபீசில் வேலை. சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. கோவளம் தாண்டி ரோட்டோரம் எங்கள் தோப்பில் இரண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். சமையலும் நான்தான். வருஷத்துக்கு ஒரு தரம் லீவு போட்டுவிட்டு மனைவியோடு வந்து ஒரு வாரம் இருப்பார். அந்த அம்மா பாவம், கூடையில் முறுக்கை வைத்துக்கொண்டு பாறைக்குப் பாறை நிழல் தேடி உட்காரும்.

"ஊட்டிக்குப் போனோம்மா. எல்லாரும் பூந்தோட்டம் பாத்தாங்க. நாங்க ரோடு போட மண்ணு வெட்டின பள்ளத்துல நின்னோம். ஏற்காட்டுக்குப் போனோம். அங்கயும் ஒரு பள்ளம்" என்று என்னிடம் சொல்லும்.

அவர் செய்த வேலை இதுதான். லீவுக்குப் போன இடத்தில் நல்ல பாறையாகப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று கையிலிருந்த ஒரு மெஷினில் நம்பர் எடுத்துக்கொள்வார். அந்த நம்பரையும், பாறையைப் பற்றி ஒரு பாடத்தையும், நாலு கேள்வியையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். எந்த தேசத்துக்காரரும் அந்த நம்பரைப் பிடித்துக்கொண்டு வந்து, பாறையைப் பார்த்து, பதில் எழுதி அனுப்பலாம். சரியாக எழுதினால் என்ன தருவீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் தர மாட்டாராம். பெட்டி, புதையல் எதுவும் கிடையாது. வந்து பார்த்தார்கள் இல்லையா, அதுதானாம்.

முதல் தடவை அந்த மெஷினை வானத்தைப் பார்க்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் மணலில் நின்றபோது என் கொழுந்தன் பக்கத்தில் போனான்.

"இன்னா சார், டவர் கெடைக்கலியா?"

"டவர் இல்லப்பா, சாட்டிலைட்டு. நாலு வந்துடுச்சு. இன்னொண்ணு வரணும்."

கொழுந்தன் அண்ணாந்து பார்த்தான். எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டுக்கொண்டு அவனும் அரை மணி நேரம் வெயிலில் நின்றான். கடைசியில் டாக்டர் "வந்துடுச்சு" என்றதும் அவன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

மூன்றாம் வருஷம் வேட்டி உலர்த்தத் தோப்பின் பின்பக்கம் போனவர், பாம்பைக் கண்டவர் போல ஓடி வந்தார். அங்கே எருமை படுத்திருப்பது மாதிரி ஒரு கருப்புப் பாறை. நான் மிளகாய் காயவைப்பது அதில்தான். என்னைக் கூட்டிக்கொண்டு போய், மிளகாயை ஒதுக்கிவிட்டு, இரண்டு வெள்ளைக் கோடுகளைக் காட்டினார்.

"பாருங்கம்மா, ஒண்ண ஒண்ணு வெட்டிக்கிட்டுப் போகுது. எது முந்தி உண்டாச்சு?"

"இது ஒரு கேள்வியா சார்? எது அறுந்து கெடக்குதோ அது முந்தி. அறுத்துக்கினு போறது பிந்தி."

 காலேஜ் படித்தவர்களே இதைத் தப்பாக எழுதுகிறார்கள் என்றார். அந்த வாரம் மீன் விற்க வந்தவள் முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அந்தக் கேள்வியைப் போட்டேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். ஒருவருடைய சொந்த இடம் என்றால், அவர் கையெழுத்து இல்லாமல் கம்ப்யூட்டரில் இதை நடத்துகிறவர்கள் பாடத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார்களாம். இங்கிலீஷில் அடித்த ஒரு தாளை நீட்டினார். அப்போது கடற்கரை ரோடு பூராவும் புரோக்கர்கள் தாளோடு அலைந்துகொண்டிருந்தார்கள். தெரியாமல் கையெழுத்துப் போட்டு மனையை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. "மெஷின்ல எடத்த அளந்தாரு, இப்ப பேப்பர் நீட்டறாரு. உஷாரு அண்ணி" என்று கொழுந்தன் காதில் ஓதிவிட்டான். சாட்டிலைட்டைக் கும்பிட்ட அதே ஆள்தான்.

டாக்டர் தாளைத் தமிழில் படித்துச் சொன்னார். நான் சொன்னேன்:

"எனக்கு எயுத்து தெரியாதுன்னு நெனச்சிக்கினு வாயால ஒண்ணு படிக்கற சார். பேப்பர்ல இன்னா கீதோ, யாரு கண்டா?"

அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. அவர் தாளை மடித்தார்.

"சந்தேகம் வந்தா கையெழுத்து போடக் கூடாதும்மா. நீங்க செஞ்சது சரிதான்."

மறுநாள் இட்லியைச் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார். அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று கொஞ்ச காலம் பெருமையாகத்தான் இருந்தேன். பிறகு இன்னும் இரண்டு ரூம் கட்டினேன். பின்னாடியே பாறை இருக்க, லாரியில் எதற்குக் கல் என்றார் மேஸ்திரி. நாலு ஆள் ஒரு வாரம் பாடுபட்டு உடைத்தார்கள்.

ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகு ஒரு நாள் டாக்டர் தனியாக வந்தார். மனைவிக்கு முழங்கால் வலியாம். இங்கிலீஷ் தாளை நீட்டியது தன் தப்பு என்றும், தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதாகவும் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். கையால் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. "நானு படிக்க மாட்டேன், நீங்களே படிங்க" என்றார்.

விரல் வைத்துப் படித்தேன். இடமும் பாறையும் என்னுடையவை. வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போக எனக்குச் சம்மதம். ஒரு துண்டுகூட யாரும் எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே, அந்த இரண்டு கோட்டுக் கேள்வி. அதற்கு முதன்முதலில் சரியான பதில் சொன்னது பாறையின் சொந்தக்கார அம்மாதான் என்றும் எழுதியிருந்தது.

"சார், பாற இல்ல."

அவர் பின்பக்கம் போய்ப் பார்த்தார். புது ரூமின் அஸ்திவாரத்தருகே முட்டி போட்டு, சிமெண்டுக்கு வெளியே தெரிந்த ஒரு கல்லில் கண்ணாடியை வைத்தார். கொழுந்தன் பின்னாலேயே போய், "நல்ல ஸ்ட்ராங்கான கல்லு சார், நூறு வருசம் தாங்கும்" என்றான்.

"தெரியும்பா" என்றார்.

அதுதான் அவர் கடைசியாக வந்தது. என்மேல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டு, காப்பி கிடைக்குமா என்று கேட்டார். குடித்து முடித்ததும் நான் பேனாவைக் கேட்டேன்.

"இனிமே தேவையில்லம்மா."

"எனக்குத் தேவ சார்."

என் பெயரில் ஐந்து எழுத்து. எனக்கு நேரம் ஆகும். கடல் காற்று வேறு. நான் எழுதி முடிக்கும்வரை அந்தத் தாள் பறக்காமல் ஒரு விரலால் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.