உறிஞ்சு சித்தர் துப்பிய நீலம்

கல்மண்டபம் மீனவர் பேட்டையில் அந்த வாரம் வஞ்சிரம் மீனுக்கு ஏகக் கிராக்கி. கல்யாணம் காட்சி ஒன்றுமில்லை. உறிஞ்சு சித்தர் வந்திருந்தார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அம்மை குத்துகிறார்கள் அல்லவா? அது மருந்தே இல்லையாம், விஷமாம். ஆண்பிள்ளைக்குத் துடுப்புப் பிடிக்கிற கை விளங்காமல் போகுமாம். பெண்பிள்ளைக்கு வயிறு திறக்காதாம். யார் சொன்னது? சித்தர் சொன்னார். சித்தருக்கு யார் சொன்னது? அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

குத்திய கையில் மூங்கில் குழாயை வைத்து, கன்னம் ஒட்ட உறிஞ்சுவார். கண் செருகும். கிண்ணத்துத் தண்ணீரில் துப்புவார். தண்ணீர் நீலமாகும். கூட்டம் வாயைப் பிளக்கும். சிவன் கழுத்தில் நின்றது இதே நீலந்தான் என்பார். எதிரே ஜெபமாலை தெரிந்தால், ஏதேன் தோட்டத்துப் பாம்பு கக்கியதும் இதே நீலந்தான் என்பார். கடை என்று போட்டால் எல்லா வாடிக்கைக்கும் சரக்கு வைக்க வேண்டாமா? காணிக்கையில் மட்டும் கறார். நெத்திலிக்கு விஷம் இறங்காது. வஞ்சிரத்துக்கு இறங்கும்.

நீலத்தைக் கண்ணால் கண்டபிறகு எவன் பிள்ளையை அனுப்புவான்? அம்மை குத்த வந்த நாளில் வகுப்பில் பெஞ்சுகள்தான் உட்கார்ந்திருந்தன. விசைப்படகில் போகும் கோதண்டமும் மகள் புஷ்பவல்லியை வீட்டிலேயே பூட்டி வைத்தான். அவன் மனைவி, மீன் விற்கும் பவுனம்மாளுக்கு நெஞ்சு பதறியது. அடுத்த தெருவில் பெரியம்மை கண்டு ஒரு குழந்தை செத்திருந்தது.

"யோவ், இன்னிக்கு மறுக்கா குத்த வராங்கோ. புள்ளைய இட்டுகினு போறேன்."

"கால ஒடச்சிடுவேன். சித்தர் துப்பினத நீ பாத்தியா? நான் பாத்தேன்மே!"

"செரி, சித்தராண்டயே இட்டுகினு போறேன். கதவத் தொற" என்றாள் பவுனம்மாள். மகளின் மேல்கையில் மஞ்சள் துணியைச் சுற்றிக் கட்டினாள். பெரிய வஞ்சிரம் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு மகளோடு நேரே சித்தரிடம் போனாள். கோதண்டம் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே ஓடினான்.

"சாமி, புள்ளைக்குக் குத்திட்டாங்கோ. கை நெருப்பா கீது. கட்ட அவுக்கட்டுமா?"

சித்தர் மீனைப் பார்த்தார். "வேணாம் தாயே. துணி இன்னா, இரும்பா இருந்தாலும் நம்ம சக்தி பூந்துரும்."

துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு குழாயை எடுத்தார். உறிஞ்சினார். கண் செருகியது. துப்பினார். இதுவரை வந்ததைவிடக் கெட்டி நீலம். மீனும் பெரிசு அல்லவா?

"யம்மாடி, எம்மாம் விஷம்!" என்றான் அடுத்து நின்ற கஸ்பார். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், மகனோடு வந்திருந்தான்.

பவுனம்மாள் துணியை அவிழ்த்தாள். கை வழவழவென்று இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"குத்தவே இல்லியே சாமி! இந்த விஷம் எங்கேர்ந்து வந்துச்சு?"

சித்தர் குழாயை மடியில் செருகினார். "அது... பள்ளிக்கூடத்துக் காத்து பட்டாலே..."

"இன்னா நைனா டபாய்க்கிற? அவ ஒரு வாரமா வூட்ட வுட்டே வெளிய வர்ல!" என்றது யார் தெரியுமா? கோதண்டமேதான். பூட்டிய சாவி அவன் இடுப்பில் அல்லவா இருந்தது!

"கையில இல்லாட்டி வாயிலதான் கீது" என்று பவுனம்மாள் கூடையை இறக்கினாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற லாவகத்தில் சித்தரின் தாடையைப் பிடித்து நெம்பினாள். கன்னத்துக்குள் வேட்டிக்குப் போடுகிற நீலம், சின்னத் துணி முடிச்சாக.

"அழுகின சரக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

கூட்டம் எதிராகத் திரும்புவதற்குள் சித்தர் சந்தில் பறந்தார். அந்த ஓட்டத்தில் தெய்வீகம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அன்றே பள்ளிக்கூட வாசலில் வரிசை. கோதண்டம் மகளைத் தோளில் தூக்கி வந்தான். "இது இன்னா மருந்து? எதுக்குக் கீறுற? காய்ச்சல் வருமா?" என்று அம்மை குத்துகிறவரைக் குடைந்தான். கஸ்பாரும் சேர்ந்துகொண்டான். மனிதர் சலிக்காமல் பதில் சொன்னார். காய்ச்சல் வரும், கை வீங்கும், பெரியம்மை வராது என்று உள்ளதைச் சொன்னார்.

கேட்கட்டும், நன்றாகக் கேட்கட்டும். கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவனிடம் கையை நீட்டுங்கள் ஐயா. கேட்டால் ஓடுகிறவனிடம் சுண்டுவிரலைக்கூட நீட்டாதீர்கள்.