மாமரச் சிமிழுக்குள் இருக்கும் தாலி பற்றிச் சம்பந்திக்கு

ஓசூர்,
புதன்கிழமை மாலை

மதிப்பிற்குரிய சம்பந்தி வெங்கடப்பன் அவர்களுக்கு,

நல்லுசாமி வணக்கத்துடன் எழுதுவது. நானும் பார்வதியும் மணப்பெண் பூங்கொடியும் நலம். பாரூரில் தாங்களும் சம்பந்தியம்மாள் கெம்பம்மாவும் நலமென்றும், ஏரித் தண்ணீர் உங்கள் வயலுக்கு வந்துசேர்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் தாங்கள் இடையில் பேசக்கூடும் என்பதால், மாப்பிள்ளை கோபியிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு, நெடுநாள் யோசித்து, குடும்பத்தாரின் கருத்துகளைக் கேட்டு, அவற்றை முறைப்படி ஒதுக்கி, நம் இரு குடும்பங்களின் வரலாற்றிலும் இடம்பெறத்தக்க ஒரு முடிவை நான் எடுத்தேன். வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குத் தங்கள் வீட்டுத் தாலி நகைக்கடை பிளாஸ்டிக் டப்பாவில் வராது. நான் கடைந்த மரச் சிமிழில் வரும் என்பதே அது. மறுநாளே மரம் கடையும் சிறிய லேத் ஒன்றை வரவழைத்து, வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் நிறுவினேன். ஸ்கூட்டர் அன்றிலிருந்து வெயிலில் நிற்கிறது.

நான் சிப்காட்டில் தரப் பரிசோதகராக இருந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் இரும்பைக் கடைவார்கள்; நான் வெர்னியர் வைத்து அளந்து, ஆகாது என்பேன். எப்படிக் கடைவது என்று கேட்டுக்கொள்ளும் சந்தர்ப்பம்தான் அமையவில்லை. சிமிழில் வெளிப்புறம் எளிது, உளியைக் காட்டினால் மரமே உருண்டையாகிவிடுகிறது, உட்புறம் குடைவதுதான் சிக்கல், உளி உள்ளே என்ன செய்கிறது என்பது வெளியே நிற்பவனுக்குத் தெரிவதில்லை, முதல் சிமிழில் குடைந்துகொண்டே போய் அடியையும் குடைந்துவிட்டேன், அடுத்ததிலும் அப்படியே, அடியில்லாதவற்றைப் பார்வதி எடுத்து ஜன்னல் திரைக்கு வளையமாக மாட்டிவிட்டாள், பிறகு ஒன்று அடியோடு நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே உளி இடறியதில், சிமிழ் எந்திரத்திலிருந்து கிளம்பி, மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சரோஜம்மாளின் குழம்புச் சட்டியில் இறங்கியது. அவர் அதைக் கரண்டியோடு ஏந்திவந்து, "ஏன் சார், நான் முருங்கக்காதானே போட்டேன், பம்பரம் வருதே!" என்றார். அளந்து பார்த்து, சிவப்பு மை வைத்து, நானே அதை நிராகரித்தேன்.

இந்த இடத்தில்தான் தாங்கள் வருகிறீர்கள். கல்யாணச் சமையலுக்கு விறகாகத் தங்கள் தோப்பு மாமரத்தை வெட்டிய கையோடு கொடுத்தனுப்பினீர்கள். அதில் ஒரு துண்டை அடுப்பிலிருந்து காப்பாற்றிக் கடைந்தேன். சிமிழும் மூடியும் அற்புதமாக வந்தன. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு. சில நாள் கழித்து அளந்தால், உருண்டையாக இருந்தது கோழிமுட்டை மாதிரி ஆகியிருக்கிறது. பச்சை மரம் காயக் காயச் சுருங்கும் என்கிறார்கள். நான் பார்த்த இரும்பு எதுவும் காய்ந்ததில்லை. ஆகவே வெர்னியர்மேல் சந்தேகப்பட்டு அதைச் சோதனைக்கு அனுப்பினேன். குறையில்லை என்ற சான்றிதழோடு வந்தது. சான்றிதழ் தந்தவர்மேல் சந்தேகப்பட்டு வேறொருவருக்கு அனுப்பினேன். அது திரும்புவதற்குள் தங்கள் வீட்டுக்குத் தாலி வந்துவிட்டது.

முகூர்த்தம்வரை தாலி மாப்பிள்ளை வீட்டுப் பூஜையறையை விட்டு நகரக் கூடாது என்று கெம்பம்மா சொன்னதும், "அளவு பார்த்துட்டு நாளைக்கே தந்தர்றனுங்க" என்று நான் கற்பூரம் அணைக்காத குறையாகச் சொல்லி வாங்கிவந்ததும் தங்களுக்கு நினைவிருக்கும். அளவு பார்த்தேன். பொருந்தியது. வழியில் மூடி கழன்று விழக் கூடாதே என்று நன்றாகத் தட்டி மூடினேன். அதன்பிறகு திறக்கவில்லை.

செய்யாத முயற்சி இல்லை. வெந்நீரில் போட்டோம், இன்னும் இறுகியது. நல்லெண்ணெயில் ஊறவைத்தேன். "ஏனுங்க, தாலிய வெளிய எடுக்கச் சொன்னா ஊறுகா போட்டுட்டிருக்கீங்களா?" என்றாள் பார்வதி. நான் சிமிழையும் மாப்பிள்ளை மூடியையும் பிடித்து இழுத்ததில், அவர் சீர்வரிசைப் பாத்திரங்கள்மேல் விழுந்தார். குத்துவிளக்கு ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கிறது. எழுந்ததும், "மாமா, பேசாம ரம்பம் வெச்சு அறுத்துப்போடலாம்" என்றார். பார்வதி காதைப் பொத்திக்கொண்டாள். "மாப்ள! உள்ளார தாலி இருக்குது. அறுக்கறதுன்னு வாயில சொல்லாதீங்க!" அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதுமுதல் எங்கள் வீட்டில் வாழைக்காயைக்கூட யாரும் அறுப்பதில்லை, ஒடிக்கிறோம்.

எனவே ஒரு யோசனை. மூடியின் குமிழில் துளையிட்டு, மஞ்சள் கயிறு கோத்து, சிமிழையே கட்டிவிடலாம். தாலி உள்ளேதான் இருக்கிறது, கட்டியதாகத்தானே கணக்கு? புரோகிதர் நாராயணப்பனிடம் கேட்டேன். "தாலிக்குத்தான் சார் மந்திரம் இருக்குது. டப்பாக்கு நான் எங்க போவேன்?" என்றார். பூங்கொடியோ, "அப்பா, கல்யாண ஆல்பம் பூரா கழுத்துல டிபன் பாக்ஸோட நிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தத் தாழ்ப்பாள் சுலபமாகத் திறக்கக்கூடியது என்பதால் கவலையில்லை.

தாங்கள் செய்யவேண்டியது ஒன்றுதான். சம்பந்தியம்மாள் சாப்பிட்டு முடித்த பிறகு, தாலி பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அதில் பொய் இல்லை. இதைவிடப் பத்திரமாக எந்தத் தாலியும் இருந்ததில்லை.

மணமக்கள் எல்லா நலனும் பெற்று வாழ, இங்கிருந்தபடியே தங்களோடு சேர்ந்து வாழ்த்துகிறேன். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கமும், சிறியவர்களுக்கு ஆசியும், கறவைகளுக்கு என் விசாரிப்பும்.

அன்புள்ள,
நல்லுசாமி

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்கப் பார்வதி சிமிழை முட்டுக்கொடுத்திருந்தாள். கதவு அடித்த அடியில் மூடி தானாகக் கழன்று உருண்டது. தாலியைத் துடைத்துக் குங்குமத் தட்டில் வைத்தோம். பூங்கொடி வெளியே வந்து காபி குடித்தாள். மூடி இப்போது எவ்வளவு இலகுவாகத் திறக்கிறது என்று மாப்பிள்ளைக்குக் காட்டுவதற்காக, தாலியை உள்ளே வைத்து மூடினேன். மாப்பிள்ளை ரம்பம் வாங்கப் போயிருக்கிறார்.