ஆயிரம் துறவிகள் குளித்த தொட்டி

"இதானுங்க அந்த மடம்!" என்று காரை நிறுத்திவிட்டு அறிவித்தான் வசந்தகுமார். குரல் கம்பீரமாக இருந்தது.

அவன் பிறந்ததிலிருந்து எந்த மடத்தையும் பார்த்ததில்லை. புதுக்கோட்டையில் செல்போன் கடையில் வேலை. ஆனால் மோகனப்ரியாவின் அப்பா வெள்ளைச்சாமி, "சொந்த ஊரு சரித்திரம் தெரியாதவனுக்குப் பொண்ணு கெடையாது" என்று சொல்லிவிட்டார். காதலுக்காக ஒரே ஒரு பொய் சொன்னான்: "குளத்தூர்ப் பக்கத்துல ஆயிரம் வருசத்து மடம் இருக்குங்க. நூறு தடவ போயிருக்கேன்."

"அப்ப ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போங்க தம்பி" என்றுவிட்டார் அவர்.

போகிற வழியில் இடிந்த சுவர்கள் தெரிந்ததும் பிரேக் போட்டுவிட்டான்.

மோகனப்ரியா ஏதோ சொல்ல வந்தாள். "வசந்த், இது..."

"நீ சும்மா இரும்மா. தம்பி சொல்லட்டும்."

தம்பி சொன்னான். எதிரே கிடந்த பெரிய களத்தைக் காட்டி, "இங்கதான் ஆயிரம் துறவிங்க உக்காந்து தியானம் பண்ணுவாங்க."

"இந்த மொட்டை வெயில்லயா?"

"தவம்னா சும்மாங்களா?"

"அந்தத் தொட்டி?"

"குளிக்கிறதுக்குங்க."

"அடியில கரி புடிச்சிருக்கே?"

"வெந்நீருங்க. மார்கழில பச்சத்தண்ணி ஊத்த முடியுமா?"

வெள்ளைச்சாமி தலையாட்டினார். "இந்த மேடையில நாலு போல்ட்டு நிக்குதே?"

"சாமி ஆடாம இருக்கணும்லங்க?"

"அந்தக் காலத்துலயே போல்ட்டா!"

"நம்மாளுங்க எல்லாத்துலயும் முந்திங்க."

இதற்குள் சாலையில் சரித்திரச் சுற்றுலா போன கல்லூரி பஸ் ஒன்று, கார் நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டது. முப்பது மாணவிகள் நோட்டோடு இறங்கினார்கள். இனிப் பின்வாங்க வழியில்லை.

"சார், எந்த நூற்றாண்டு?"

"பத்து. அதுவும் முடியப்போற நேரம்."

முப்பது பேரும் எழுதிக்கொண்டார்கள். கூட வந்த பேராசிரியரும் எழுதிக்கொண்டார். தொட்டிக்குள் இறங்கி நாலு பேர் செல்ஃபி எடுத்தார்கள். மோகனப்ரியா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பெருமை தாங்கவில்லை போலும் என்று நினைத்தான் வசந்தகுமார்.

வெள்ளைச்சாமியோ துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாயுள்ள புள்ள பொழச்சுக்கும்பாங்க. எனக்குத் திருப்தி. தையில முகூர்த்தம் வச்சுக்கலாம், மாப்ள."

மாப்ள! வசந்தகுமாருக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. சாமி மேடையின் மீதே ஏறி நின்று மாணவிகளுக்குக் கையசைத்தான். அவர்கள் கைதட்டினார்கள்.

கைதட்டல் சத்தம் கேட்டு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு அழகம்மாள் என்ற பெண் எட்டிப்பார்த்தாள். வெள்ளைச்சாமியைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, மொதலாளி! ஒங்க பழைய ரைஸ்மில்ல இடிக்கவா இம்புட்டுச் சனத்தக் கூட்டியாந்திருக்கீங்க? நெல்லு அவிச்ச அந்தத் தொட்டிய மட்டும் எனக்குக் குடுத்துருங்க, ஆட்டுக்குத் தண்ணி வைக்க ஆகும்!"